காத்திரு என்றொரு பொத்தான்

ஒரு திரையில் தொண்ணூற்று நான்கு பொத்தான்கள் இருக்கின்றன. அவற்றில் எது வேண்டாம்?

பக்கத்து வீட்டுப் பட்டன் இந்தக் கேள்வியை என்னிடம் கேட்டபோது எனக்குப் பதில் தெரியவில்லை. பள்ளிப் படிப்பை அப்போதுதான் முடித்திருந்தேன். கேட்ட கேள்விக்கு எதையாவது எழுதிவிட வேண்டும் என்ற பழக்கம் மட்டும் மிச்சமிருந்தது. பயன்படாததை எடுத்துவிடலாமே என்று சொல்லி வைத்தேன். அது பதிலே இல்லை என்று பிறகு தெரிந்தது. இனி நான் நடுவில் வராமல் அவள் கதையைச் சொல்கிறேன்.

பட்டன் என்பது ஓட்டல்காரர்கள் வைத்த பெயர். அவளுக்கு முப்பத்தாறு வயது. அவளைவிடப் பதினைந்து வயது மூத்த அண்ணன் ஒரு பாடகர். பெரிய ஓட்டல் ஒன்றின் சாப்பாட்டுக் கூடத்தில் வாரத்துக்கு ஐந்து நாள், மாலை ஆறிலிருந்து ஒன்பது வரை பாடுவார். அவருக்கு வாசித்துக்கொண்டிருந்த நான்கு பேரும் ஆளுக்கொரு பக்கமாக வேறு வேலைக்குப் போனபின், அவர்களுடைய இடத்தில் ஒரு மடிக்கணினி வந்து உட்கார்ந்தது. அதற்குள் பின்னணி இசை வாசிக்கும் மென்பொருள். வயலின், தபலா, கிட்டார் எல்லாம் அதிலேயே உண்டு. ஆனால் அது தானாக எதையும் செய்யாது. அண்ணன் ஒரு வரியை இரண்டு முறை பாடினால் யாராவது 'திரும்ப' அமுக்க வேண்டும். ஒரு சரணத்தை விட்டுவிட்டால் அடுத்ததற்குத் தாவ வைக்க வேண்டும். அந்த யாராவது பட்டன்தான். முதல் நாள் "ஒரு வாரம் மட்டும் வாம்மா" என்றுதான் கூப்பிட்டார். பதினோரு வருடம் ஆகிவிட்டது.

அவளுடைய நாற்காலி பெரிய ஒலிபெருக்கிப் பெட்டிக்கும் சுவருக்கும் நடுவில் இருந்தது. காலை நீட்டினால் பெட்டி, சாய்ந்தால் சுவர். அங்கிருந்து பார்த்தால் கூடம் தெரியாது. அண்ணனின் முதுகு தெரியும், வலது தோள் தெரியும். மூன்று மணி நேரத்துக்கு எழுந்திருக்க முடியாது. மாலை நான்கு மணிக்கு மேல் தண்ணீர் குடிப்பதை நிறுத்திவிடுவாள். காய்ச்சல் வந்த நாளிலும் போர்வையைச் சுற்றிக்கொண்டு அங்கேதான் இருந்தாள். நெருங்கிய தோழியின் கல்யாணத்துக்குப் போகவில்லை. தோழி இப்போது பேசுவதில்லை.

அண்ணன் அந்த மென்பொருளை ஒரே ஒரு முறை தொட்டிருக்கிறார். முதல் வருடத்தில் அவள் தாமதமாக வந்த ஒரு நாள், தானே ஏதோ அமுக்கிவிட்டார். காதல் பாட்டு இரண்டு மடங்கு வேகத்தில், எலிக்குஞ்சு கத்துவது போன்ற சுருதியில் கிளம்பியது. கூடமே சிரித்தது. அன்றிலிருந்து அவர் அதன் பக்கம் கையே நீட்டுவதில்லை.

இந்த நிலையில்தான் பட்டன் யாருக்கும் தெரியாமல் ஒரு தேர்வு எழுதினாள். ரயிலில் ஒன்பது மணி நேரத் தொலைவில் இருக்கும் கண் மருத்துவமனையின் பதிவுப் பிரிவில் வேலை கிடைத்தது. பத்தொன்பது நாளில் சேர வேண்டும்; தவறினால் அடுத்த ஆளுக்குப் போய்விடும். கடிதத்தை முதலில் அண்ணியிடம் காட்டினாள்.

அண்ணி படித்துவிட்டு, "அங்க உக்கார ஜன்னல் பக்கமா இடம் இருக்குமா?" என்றாள்.

"தெரியல அண்ணி."

"இல்லன்னாலும் போ. உங்க அண்ணன் முதுகையே பாத்து பாத்து உனக்கு வேற முகமே மறந்துபோயிருக்கும்."

அண்ணனிடம் சொன்னபோது அவர் சட்டைக்குப் பொத்தான் போட்டுக்கொண்டிருந்தார். "நல்ல விஷயம்தானே. தாராளமா போ," என்றார். கடைசிப் பொத்தானைப் போட்டு முடித்துக் கண்ணாடியைப் பார்த்தார். "ஆனா அந்த மெஷினை யாரு பாத்துப்பா?"

போகாதே என்று அவர் திட்டியிருந்தால் அவளால் சண்டை போட்டிருக்க முடியும். தாராளமாகப் போ என்று சொல்லிவிட்டுப் பாவமாக நின்றவரிடம் என்ன சண்டை போடுவது?

ஓட்டல் மேலாளர் காசாளரை அனுப்பிப் பார்த்தார். கணினியில் புலி என்று பெயர் வாங்கியவர். திரையை ஒரு பார்வை பார்த்தார். "அக்கா, விமானம் ஓட்டறவருக்குக் கூட இத்தனை இருக்காது. எனக்குக் குடும்பம் இருக்கு," என்று சொல்லிவிட்டுக் கல்லாவுக்கே திரும்பிவிட்டார்.

ஆளை மாற்ற முடியாது என்றால் திரையை மாற்றலாம் என்ற எண்ணம் பட்டனுக்கு அன்றைக்குத்தான் வந்தது. மென்பொருள் நிறுவனத்தின் உதவி எண்ணை அழைத்தாள். எடுத்தவர் பொறுமையானவர்.

"பொத்தானை எல்லாம் எடுத்துட முடியுமா சார்?"

"மேடம், எல்லாரும் இன்னும் நாலு பொத்தான் வேணும்னுதான் கேப்பாங்க. குறைக்கணும்னு கேக்கற முதல் ஆள் நீங்க."

"குறைச்சாதான் சார் நான் ஊருக்குப் போக முடியும்."

"புரியல மேடம்."

"பரவாயில்ல. எப்படின்னு மட்டும் சொல்லுங்க."

சொன்னார். வேண்டாத பொத்தானை இழுத்து ஓரத்தில் போட்டால் மறைந்துவிடும். மீதியைப் பெரிதாக்கலாம், விசைப்பலகையில் விரும்பிய விசையோடு இணைக்கலாம். எது வேண்டாம் என்று தெரியாவிட்டால் பயன்பாட்டுக் குறிப்பைத் திறந்து பார்க்கலாம். எந்த நாளில் எந்தப் பொத்தானை எத்தனை முறை அமுக்கினோம் என்பதை மென்பொருளே குறித்து வைத்திருக்கிறது.

அப்படி ஒன்று இருப்பதே அவளுக்குத் தெரியாது. கடந்த சனிக்கிழமையைத் திறந்தாள். பாட்டு இருபத்திரண்டு. தொடங்கு, இருபத்திரண்டு. முடி, இருபத்திரண்டு. திரும்ப, பதினேழு. அடுத்த சரணம், ஒன்பது. சுருதி மாற்று, ஆறு. மற்ற எண்பத்தெட்டுப் பொத்தான்களுக்கு நேராகப் பூச்சியம். அந்தப் பூச்சியங்களைப் பார்க்கப் பார்க்க நெஞ்சு லேசானது. இவ்வளவுதானா!

ஆறாவது வரி ஒன்று மிச்சம் இருந்தது. காத்திரு, நூற்றுப் பதினெட்டு.

காத்திரு என்பதை அமுக்கினால் இசை அந்த இடத்திலேயே சுருதியைப் பிடித்துக்கொண்டு மெல்லத் தட்டியபடி நிற்கும். மறுபடி அமுக்கினால் விட்ட இடத்திலிருந்து போகும்; இரண்டும் சேர்ந்து குறிப்பில் ஒன்றாகத்தான் ஏறும். நான்கு வருடத்துக்கு முந்தைய ஒரு சனிக்கிழமையைத் தேடித் திறந்தாள். அதிலும் இருபத்திரண்டு பாட்டு. காத்திரு, ஐந்து.

ஐந்து எப்போது நூற்றுப் பதினெட்டு ஆனது? அவளுடைய மூளைக்குத் தெரியாது, விரலுக்குத் தெரிந்திருக்கிறது. வரி முடியும் இடத்தில் அண்ணனின் வலது தோள் மேலே ஏறும். அது ஏறும்போதே அவள் விரல் அமுங்கிவிடும். அவர் மூச்சை இழுத்து நிரப்பும் வரை இசை நிற்கும். தோள் இறங்கியதும் போகும். கேட்பவர்களுக்கு அவர் ரசித்து நிதானமாகப் பாடுவதாகத் தோன்றும். அவருக்கும் அப்படித்தான் தோன்றியிருக்க வேண்டும். மூச்சு குறைந்துகொண்டே வந்ததை, அவரே அறியாதபடி, தங்கை பின்னாலிருந்து மூடி மறைத்திருக்கிறாள்.

பட்டன் புதிய திரையைச் செய்தாள். உள்ளங்கை அகலத்துக்கு ஐந்தே ஐந்து கட்டங்கள். ஒன்று முதல் ஐந்து வரை எண் விசைகள். காத்திரு பொத்தானை அதில் வைக்கவில்லை. வைத்தால் அது எதற்கு என்று அவர் கேட்பார். அதைச் சொல்ல அவளுக்கு வாய் வராது.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் வீட்டில் ஒத்திகை. அலமாரிக்கும் கட்டிலுக்கும் நடுவில் கணினியை உயரமாக வைத்தாள். அண்ணன் திரையைப் பார்த்துச் சிரித்தேவிட்டார்.

"அட, இவ்வளவுதானா? இது நானே பண்ணுவேனே."

ஒன்றை அமுக்கினார். பாட்டு ஒழுங்காகத் தொடங்கியது. முதல் வரி நன்றாக வந்தது. இரண்டாவது வரியின் முடிவில் தோள் ஏறியது, இசை நிற்கவில்லை. மூன்றாவது வரியைப் பாதியில் பிடித்தார், நான்காவதில் விட்டார். பாட்டு அவரை அங்கேயே நிறுத்திவிட்டுத் தன் பாட்டுக்குப் போய்க்கொண்டிருந்தது. மூன்று முறை முயன்றார். முகம் சிவந்துவிட்டது.

"என்ன பண்ணி வச்சிருக்க? வேகத்தைக் கூட்டிட்டியா?"

"அதே வேகம்தான் அண்ணா."

"பதினோரு வருஷத்துல ஒரு நாளாவது இப்படி என்னை விட்டுட்டு ஓடியிருக்கா? நீ எதையோ எடுத்துட்ட. பழையபடி எல்லாத்தையும் வை." துண்டால் கழுத்தைத் துடைத்துக்கொண்டார். "அந்த ஆஸ்பத்திரிக்குப் போன் போட்டு அடுத்த வருஷம் வரேன்னு சொல்லிடு. நீ இல்லாம இது நடக்காதும்மா. பாத்தல்ல."

பட்டன் குளியலறைக்குப் போய்த் தாழ் போட்டுக்கொண்டாள். குழாயைத் திறந்துவிட்டுக் கவிழ்த்த வாளிமேல் உட்கார்ந்தாள். அங்கேயும் முழங்கால் சுவரில் இடித்தது. உண்மையைச் சொன்னால் அவர் உடைந்துபோவார். சொல்லாவிட்டால் அந்த நாற்காலியில் அவருக்காக இசையை நிறுத்தி நிறுத்தி விட்டுக்கொண்டு, இவளும் கிழவியாகிவிடுவாள். வேலையில் சேர இன்னும் பதினோரு நாள்தான் இருந்தது. வாளி அவளுக்குக் கீழே கவிழ்ந்து கிடந்ததால் தண்ணீர் வெறும் தரையில் ஓடிக்கொண்டிருந்தது. எழுந்து குழாயை மூடினாள்.

வெளியே வந்து கணினியைத் திறந்தாள். கீழே நீளமாக இருக்கும் விசையில் காத்திரு பொத்தானை இணைத்தாள். பயன்பாட்டுக் குறிப்பில் இரண்டு சனிக்கிழமைகளையும் பக்கத்தில் பக்கத்தில் திறந்து வைத்தாள்.

"அண்ணா, இங்க வந்து பாரு."

அவர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பார்த்தார். நான்கு வருடத்துக்கு முந்தைய ஐந்தில் விரலை வைத்தார். நூற்றுப் பதினெட்டில் வைத்தார்.

"இது என்ன?"

"நீ மூச்சு வாங்கற இடம். அப்ப மியூசிக்கை நான் நிறுத்தி வச்சிருப்பேன்."

"மெஷின் தப்பா எண்ணியிருக்கும்."

"ஒரு பாட்டு பாடு. மூச்சு வேணும்னு தோணும்போது நீயே இதை அமுக்கு."

பாடினார். முதல் இரண்டு முறை வீம்புக்கு அமுக்காமல் இருந்தார், இசை ஓடியது. மூன்றாவது முறை கை தானாகக் கீழே போனது. இசை நின்றது. மூச்சு இழுக்கும் சத்தம் அந்தச் சின்ன அறையில் நன்றாகவே கேட்டது. பாட்டு முடியும்போது ஆறு முறை நிறுத்தியிருந்தார். அப்படியே கட்டிலில் உட்கார்ந்தார்.

"எத்தனை நாளா?"

"மூணு வருஷம் இருக்கும்."

"மேலாளருக்குத் தெரியுமா?"

"யாருக்கும் தெரியாது."

"உங்க அண்ணிக்கு?"

சமையலறையிலிருந்து பதில் வந்தது. "எனக்குத் தெரியும். மாடிப்படி ஏறும்போது நாலு இடத்துல நிக்கறீங்க. அங்க எந்தப் பட்டன் உங்களுக்கு அமுக்கறா? டாக்டருக்கு வியாழக்கிழமை நேரம் வாங்கியிருக்கேன். சட்டை இஸ்திரி போட்டாச்சு."

அடுத்த இரண்டு நாளும் அவர் சாப்பிட்டார், பாடப் போனார், வந்தார். நாற்காலியில் பட்டன்தான் உட்கார்ந்தாள், பழைய திரையோடு. மூன்றாம் நாள் காலையில் அறைக்குள்ளிருந்து பாட்டுச் சத்தம் கேட்டது. நின்றது. மறுபடி போனது. கதவைத் திறந்து பார்க்க அவளுக்குத் துணிவில்லை.

அவள் கிளம்புவதற்கு முந்தைய சனிக்கிழமை அண்ணன் தனியாக மேடை ஏறினார். பக்கத்தில் ஐந்து கட்டத் திரை. பட்டனும் அண்ணியும் கூடத்தின் கடைசி மேசையில் இருந்தார்கள். பதினோரு வருடத்தில் முதல் முறையாக அவர் பாடும்போது அவருடைய முகத்தைப் பார்த்தாள். வாய் லேசாகக் கோணும் என்பது அவளுக்குத் தெரியாது.

நான்கு பாட்டு நல்லபடியாகப் போனது. ஐந்தாவதில் காத்திரு அமுக்கியவர், மறுபடி அமுக்க மறந்துவிட்டார். இசை தட்டிக்கொண்டே நின்றது. அவர் பாடத் தொடங்கி, பின்னணி வராததால் நிறுத்தினார். எலிக்குஞ்சு நாளில் இருந்த அதே பயம் கண்ணில் வந்தது. திரும்பி ஒலிபெருக்கிக்குப் பின்னால் பார்த்தார்.

பட்டன் பாதி எழுந்துவிட்டாள். அண்ணி அவள் மணிக்கட்டைப் பிடித்தாள். "உக்காரு."

"அண்ணி, அந்த நீளமான விசையை..."

"தெரியும்டி. அவருக்கும் தெரியும். உக்காரு."

பிடி வலித்தது. பட்டன் உட்காரவும் இல்லை, நிற்கவும் இல்லை. அண்ணன் ஒலிவாங்கியை வாய்க்குப் பக்கத்தில் கொண்டுபோய், "ஒரு நிமிஷம். மூச்சு வாங்கிக்கறேன்," என்றார். யாரும் சிரிக்கவில்லை. ஒரு மேசையில் கரண்டிகளைக் கீழே வைத்துவிட்டுக் காத்திருந்தார்கள். அவர் தண்ணீர் குடித்தார், திரையைப் பார்த்தார், விசையை அமுக்கினார். பாட்டு விட்ட இடத்திலிருந்து கிளம்பியது. பட்டன் உட்கார்ந்தாள்.

திங்கட்கிழமை ரயிலில் போய்விட்டாள். அங்கே அவளுக்கு ஜன்னல் கிடைக்கவில்லை. நடுவில் எழுந்து போய்த் தண்ணீர் குடிக்கலாம் என்று மட்டும் அண்ணிக்கு எழுதியிருந்தாள்.

இதைப் படித்தவர்களிடம் ஒன்று கேட்கிறேன். தான் இல்லாவிட்டால் வேலை நின்றுவிடும் என்று ஒரு மூலையில் மாட்டிக்கொண்டிருக்கும் ஒருவர் உங்களுக்குத் தெரிந்த வீட்டிலோ கடையிலோ அலுவலகத்திலோ இருக்கலாம். அவருக்கு இந்தக் கதையைக் கொடுங்கள். படிக்க நேரமில்லை என்று அவர் சொன்னால், அவரை அங்கே உட்கார வைத்தவருக்குப் படித்துக் காட்டுங்கள்.