தங்கச்சி வீட்டுச் சுவரின் பச்சை

எங்கள் ஊரில் பெண்பிள்ளைக்கு வீடு கட்டிக் கொடுத்துத்தான் கலியாணம். மாப்பிள்ளை அங்கே குடிவருவார். ஆண்பிள்ளைகள் கல் சுமந்துவிட்டு மனைவி வீட்டுக்குப் போய்விடுவோம். தங்கச்சியின் வீட்டையும் தகப்பனான வாப்பாவும் அண்ணனான நானும் அப்படித்தான் எழுப்பினோம். அவள் கேட்டது ஒன்றே ஒன்று, முன்மண்டபச் சுவரின் நிறத்தைத் தன் விருப்பத்துக்கு விடவேண்டும் என்று.

போனில் ஒரு படம் காட்டினாள். நாற்று முளைத்த வயலின் இளம்பச்சை. போனைப் பார்த்துப் பெயிண்ட் கலக்க முடியாது, தாளில் மாதிரி வேண்டும் என்றார் கடைக்காரர். கல்முனையில் படம் அச்சடிக்கும் கடை வைத்திருப்பவன் நான். விடுவேனா? அப்போதுதான் நிறத்தை அளக்கும் கருவியும் அதற்கான மென்பொருளும் வாங்கியிருந்தேன். சின்னச் சின்னச் சதுரங்கள் நிறைந்த டெஸ்ட் சார்ட்டை அச்சடித்து, ஒவ்வொரு சதுரத்தையும் அளந்து, பிரிண்டருக்குப் புதிய கலர் புரொஃபைல், அதாவது நிறத்தைச் சரிப்படுத்தும் கணக்கு, செய்திருந்தேன். இனி என் பிரிண்டர் பொய் சொல்லாது என்று வருவோர் போவோரிடமெல்லாம் பீற்றிக்கொண்டு திரிந்த நேரம்.

அச்சடித்த தாளைத் தங்கச்சி திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

“போன்ல கண்டதப் போல இல்லையே காக்கா.”

எனக்குச் சுருக்கென்றது. உன் கண்ணை நம்பாதே, போன் திரை ஏமாற்றும், கருவி அளந்தது தப்பாது என்று பெரிய விளக்கம் கொடுத்தேன். அவள் சரியென்று தலையாட்டினாள். அந்தத் தாளைப் பார்த்துக் கடைக்காரர் பெயிண்ட் கலந்து கொடுத்தார்.

அடிப்பதற்கு வாப்பா கூலிக்கு ஆள் பிடிக்கவில்லை. மகளின் சுவருக்குத் தானே பெயிண்ட் அடிப்பேன் என்று வலிக்கிற முழங்காலோடு ஏணியில் ஏறினார். காய்ந்தபோது சுவர் பழைய பாசி போல மங்கிக் கிடந்தது. சரியா மகள் என்று அவர் கேட்டார். தான் கேட்ட கலர்தான் என்றாள் அவள்.

பிறகு கடையில் அச்சடித்த ஒரு படத்தில் குழந்தையின் முகம் செங்கல் நிறத்தில் வந்தது. மையை மாற்றிப் பார்த்தேன், தாளை மாற்றிப் பார்த்தேன், ஒன்றும் சரிவரவில்லை. கடைசியில்தான் கண்டேன். சார்ட்டை எந்தத் திருத்தமும் இல்லாமல் அச்சடித்திருக்க வேண்டும். பிரிண்டர் தானாக நிறத்தைத் திருத்தும் அமைப்பை நிறுத்த நான் மறந்திருக்கிறேன். அது திருத்திக் கொடுத்ததை அளந்து, அதன்மேல் இன்னொரு திருத்தம் செய்திருக்கிறேன். அமைப்பை நிறுத்தி, சார்ட்டை மறுபடி அச்சடித்து, நன்றாக உலரவிட்டு அளந்தேன். புதிய புரொஃபைலில் அவளுடைய பச்சை அச்சொட்டாக வந்தது.

தாளைக் கொண்டுபோய்க் கொடுத்தேன். கருவியில் ஏதோ கோளாறு என்றேன். அதைச் சுவரில் வைத்துப் பார்த்த அவளுடைய முகம் மலர்ந்து, உடனே அடங்கியது. உள்ளறையில் வாப்பா முழங்காலுக்கு எண்ணெய் தேய்த்துக்கொண்டிருந்தார். நான் ஆள் வைத்து மாற்றித் தருகிறேன் என்றேன்.

“வாப்பா உடமாட்டார் காக்கா. திரும்பவும் அவர்தான் ஏணில ஏறுவார். இதக் கிழிச்சிடுங்க.”

கிழித்தேன்.

கலியாணம் முடிந்தது. வீட்டுக்கு வருகிறவர்களிடமெல்லாம் வாப்பா அந்தச் சுவரைத் தடவிக் காட்டி, மகள் ஆசைப்பட்ட நிறம் என்கிறார். ஓம் என்கிறாள் அவள். நான் தேத்தண்ணிக் கோப்பைக்குள் பார்த்துக்கொண்டிருக்கிறேன். கருவி சரியாகத்தான் இருந்தது, உன் கண்ணும் சரியாகத்தான் இருந்தது என்று அவளிடம் இன்னும் நான் சொல்லவில்லை.