சங்கிலி பிடித்த கை

கொன்றைப்பாக்கம் பஞ்சாயத்தில் தெருக் கூட்டிய பாப்பம்மாளுக்கு யாரும் சிலை வைக்கவில்லை. வைத்திருந்தால் அதன் தலையில் விழும் காக்காய் எச்சத்தையும் அவள்தான் துடைத்திருக்க வேண்டும்.

ஒரகடம் தாண்டி வாலாஜாபாத் போகும் பஸ்ஸில் வந்தால், ரைஸ் மில்லின் புகைபோக்கி தெரியும் இடத்தில் இறங்க வேண்டும். அதுதான் கொன்றைப்பாக்கம். அந்த ஊரின் பெரிய தெருவைப் பதினோரு வருடமாகத் தினக்கூலிக்குக் கூட்டி வந்தாள் பாப்பம்மாள். எழுபத்து நாலாம் வருடம்தான் அவளை நிரந்தரமாக்கலாம் என்று பஞ்சாயத்தில் பேச்சு எழுந்தது. அந்த நேரம் பார்த்தா ரைஸ் மில் முதலாளி இராமச்சந்திரன் நாய் வாங்கித் தொலைக்க வேண்டும்?

மெட்ராஸில் வாங்கிய அல்சேஷன். பெயர் சீசர். விடிந்ததும் விடியாததுமாக அதைச் சங்கிலியில் பிடித்துக்கொண்டு மனிதர் ஊர்வலம் கிளம்பிவிடுவார். மார்கழி மாதம். பெண்கள் பனியில் குனிந்து வாசல்தோறும் கோலம் போட்டிருப்பார்கள். சீசருக்கு வெறும் மண் ஆகாது. நல்ல கோலமாகப் பார்த்துத்தான் உட்காரும். யாராவது முகத்தைச் சுளித்தால், "பாப்பம்மா வருவா, அள்ளுவா" என்று சொல்லிவிட்டு அவர் நடையைக் கட்டுவார்.

நாலு நாள் அள்ளினாள். ஐந்தாம் நாள், அந்தத் தெருவில் குடியிருந்த கனகத்தின் வீட்டு வாசலில் நாயோடு நின்ற இராமச்சந்திரன், வந்துகொண்டிருந்த பாப்பம்மாளிடம் தரையைக் காட்டினார்.

"இன்னா பாக்கற? அள்ளு."

பாப்பம்மாள் துடைப்பத்தை ஊன்றிக்கொண்டு நின்றாள். "தெரு நாய் போட்டா அது தெருவோட சேத்தி, அத்த அள்ளிகினுதான் கீறேன். சங்கிலி கட்ன நாய் போட்டத, சங்கிலி புடிச்ச கை அள்ளட்டும் அய்யா."

அவர் நாயை இழுத்துக்கொண்டு திரும்பினார். நேரே பஞ்சாயத்துத் தலைவர் தசரதன் வீட்டுக்குப் போனார். பாப்பம்மாளை வேலையை விட்டு நிறுத்தியே ஆகவேண்டும் என்றார். மறுநாள் மாலை விசாரணை என்று முடிவாயிற்று.

செங்கல் சூளையிலிருந்து வந்த புருஷன் பலராமன் தலையில் கை வைத்துக்கொண்டான். "இன்னாமே, பதினோரு வருசமா அள்ளுன கைதானே? இன்னும் ஒரு வாட்டி அள்ளுனா தேஞ்சா பூடும்?"

"தேயாது. ஆனா நான் அள்ளிகினே இருந்தா அந்தாளு சாவுற வரைக்கும் குனிய மாட்டான்" என்றாள். வாய் அப்படிச் சொன்னதே தவிர, அரிசிப் பானையை ஒரு தரம் எட்டிப் பார்த்துக்கொண்டாள். வேலை போய்விட்டால் சூளைக் கூலி ஒன்றை நம்பித்தான் அடுப்பு எரிய வேண்டும்.

விசாரணைக்குத் தெருவே திரண்டுவிட்டது. இராமச்சந்திரன் தொண்டையைக் கனைத்துக்கொண்டார். "ஊர்ல கண்ட நாயும் திரியுது. எது போட்டதோ! ஒடம்பு வணங்காம இவ என் நாய் மேல பழியப் போடறா."

தசரதன் அவள் பக்கம் திரும்பினார். "இன்னா பாப்பம்மா, அதுதான் போட்டுதுன்னு நீ கண்ணால பாத்தியா?"

அவள் பார்க்கவில்லை. பொய் சொல்லவும் வரவில்லை. பார்த்த பெண்கள் மில்காரருக்கு எதிராகச் சாட்சி சொல்ல வரமாட்டார்கள். ஆனால் தினமும் காலையில் பார்க்கிற அந்த மனிதரை அவளுக்குத் தெரியும். அவரைச் சொன்னால்கூட ஒருவேளை பொறுத்துக்கொள்வார். நாயைச் சொன்னால் தாங்கமாட்டார்.

"நான் பாக்கல தலைவரே. அய்யாவோட நாயும் தெரு நாயுங்களோட அவுத்துகினு கண்ட எடத்துல மேயுது போல. எது போட்டுதுன்னு யாரு கண்டா?"

இராமச்சந்திரன் துள்ளி எழுந்தார். "அவுத்துகினு மேயுதா? அது ஜாதி நாய்டி! என் கைய விட்டு ஒரு அடி நகராது. நான் சங்கிலியப் புடிச்சிகினு பக்கத்துலயே நின்னாத்தான் அதுக்கு வெளிக்கே வரும்!"

முதலில் சிரித்தது கனகம்தான். அப்புறம் தெருவே வயிற்றைப் பிடித்துக்கொண்டது. தசரதனும் துண்டால் வாயை மூடிக்கொண்டுதான் தீர்ப்பைச் சொல்ல வேண்டியிருந்தது: கட்டி வளர்க்கிற நாயின் அசிங்கத்தைச் சொந்தக்காரரே அள்ள வேண்டும், பாப்பம்மாளின் வேலைக்கு ஒரு குறையும் வராது, பேசியபடி நிரந்தரம்தான்.

மறுநாள் காலை இராமச்சந்திரன் சீசரோடு மில் ஆள் ஒருவனையும் தென்னை மட்டையோடு கூட்டிவந்தார். சீசர் ஒரு கோலத்தில் உட்கார்ந்து எழுந்ததும் அள்ள வந்த அவனைப் பாப்பம்மாள் கையமர்த்தினாள். "நீ இன்னாத்துக்குப்பா? அய்யா அள்ளுவாரு."

கோலமாவு ஒட்டிய கையோடு பெண்கள் அப்படியே நின்றுவிட்டார்கள். மனிதர் சங்கிலியை ஆளிடம் கொடுத்தார். துண்டை மூக்கில் சுற்றிக்கொண்டு, மட்டையை வாங்கிக்கொண்டு குனிந்தார்.

"மொதல்ல மண்ணத் தூவுங்க அய்யா. அப்பத்தான் ஒட்டாது" என்றாள். நக்கலாகச் சொல்லவில்லை, அது தொழில் தெரிந்தவள் சொன்னது.

தூவினார், அள்ளினார், எழுந்தார். இத்தனை வருடத்தில் அந்தத் தெருவில் அசிங்கம் அள்ள இன்னொருவர் குனிய, அவள் நிமிர்ந்து நின்றது அன்றுதான். அவளுக்குப் பெருமை பொங்கிக்கொண்டு வந்தது. அதை அவள் மறைக்கவும் இல்லை. தான் கூட்டிய இடத்தை எப்படி உற்றுப் பார்ப்பாளோ, அப்படியே அந்த இடத்தையும் பார்த்தாள்.

"இன்னும் கொஞ்சம் கீது, அய்யா."

அவர் மறுபடியும் குனிந்தார்.