அம்மா கியர் எண்ணெய் மாற்றிய ஞாயிற்றுக்கிழமை

பெரியப்பா எங்கள் காரை விற்றுவிட்ட செய்தியைத் தொலைபேசியில் சொன்னபோது அம்மா தோசை வார்த்துக்கொண்டிருந்தாள். துறையூரில் வெங்காய மண்டி வைத்திருக்கும் ஒருவர் ஞாயிற்றுக்கிழமை காலையில் வந்து வண்டியை எடுத்துக்கொண்டு போவார் என்றார். பேச்சு முடிந்துவிட்டது என்றார். "நீ ஒண்ணும் கவலைப்படாதம்மா" என்றும் சொன்னார். பெரியப்பா கவலைப்படாதே என்று சொல்லும்போதெல்லாம் எங்கள் வீட்டிலிருந்து ஏதாவது ஒன்று போய்விடும். அதற்கு முந்தைய வருடம் தையல் மிஷின் போயிற்று. மிதித்து மிதித்து அம்மாவுக்குக் கால் வலி வந்துவிடும் என்ற அக்கறையில்.

அம்மா போனை வைத்தாள். தோசை கருகியிருந்தது. அதை அப்படியே என் தட்டில் போட்டாள். நான் அதைப் பிய்த்துத் தின்றேன்.

அந்தக் கார் அம்மா தன் சம்பளத்தில் வாங்கியது. வேறு யாரோ ஓட்டிச் சலித்த பழைய வண்டி. ஆனால் கிளட்ச் இல்லாதது, கியர் தானாக மாறுவது. அம்மாவுக்குச் சின்ன வயதில் இளம்பிள்ளை வாதம் வந்து இடது கால் சூம்பிப்போயிருந்தது. இரும்புப் பட்டை வைத்த காலணியை மாட்டிக்கொண்டுதான் நடப்பாள். கிளட்ச் மிதிக்க இடது கால் வேண்டும். மற்றவர்களுக்குத் தானாக கியர் மாறும் வண்டி ஒரு சொகுசு. அம்மாவுக்கு அதுதான் வண்டி. அப்பா மஸ்கட்டுக்கு வேலைக்குப் போன பிறகு, ஸ்ரீரங்கத்திலிருந்து புத்தூரில் அவள் இயற்பியல் சொல்லிக்கொடுத்த பள்ளிக்கு அதில்தான் போய் வந்தாள்.

கொஞ்ச நாளாக அந்த வண்டிக்கு ஒரு வியாதி. காவிரிப் பாலத்தில் ஏறும்போது, கியர் மாறுகிற இடத்தில், யாரோ பின்னாலிருந்து எட்டி உதைத்த மாதிரி தூக்கிப்போடும். பெரியப்பாவே தமக்குத் தெரிந்த மெக்கானிக்கை அழைத்து வந்தார். அவர் ஒரு சுற்று ஓட்டிப் பார்த்துவிட்டு, "கியர்பாக்ஸ் போச்சுங்க. பிரிச்சா வண்டி விலையைத் தாண்டிடும்" என்றார்.

"கியர் எண்ணெயை எப்பவாவது மாத்தியிருக்காங்களான்னு பாத்தீங்களா?" என்று அம்மா கேட்டாள்.

மெக்கானிக் பெரியப்பாவைப் பார்த்துப் பதில் சொன்னார். "அதெல்லாம் மாத்தவே வேணாம் சார். ஆயுசுக்கும் வரும்."

"யாரோட ஆயுசுக்கு?" என்றாள் அம்மா. 

பெரியப்பா பேரம் முடித்த பிறகு அப்பா போனில், "அண்ணன் நமக்கு நல்லதுதானே செய்வாரு. டிரைவரோட அவரு கார் அனுப்புறேங்குறாரு. விட்டுடேன்" என்றார். அம்மா சரி என்றும் சொல்லவில்லை, மாட்டேன் என்றும் சொல்லவில்லை. பாலக்கரையில் உதிரிபாகக் கடைக்கு என்னையும் கூட்டிக்கொண்டு போய் அந்த வண்டிக்கென்று உள்ள எண்ணெயைக் கேட்டு வாங்கினாள். கடைக்காரர், "மெக்கானிக் யாருங்க?" என்று கேட்டார். "நான்தான்" என்றாள். ஃபில்டர் சென்னையிலிருந்து கூரியரில் வந்தது. எப்படிச் செய்வது என்று ஒரு வெள்ளைக்காரர் காட்டும் வீடியோவைச் சத்தத்தை நிறுத்திவிட்டுத் திரும்பத் திரும்பப் பார்த்தாள். பேச்சு பாதிதான் புரிகிறது, கையைப் பார்த்தால் போதும் என்பது அவள் கட்சி.

ஞாயிற்றுக்கிழமை விடிந்ததும் அம்மா அப்பாவின் பழைய பேன்ட்டையும் சட்டையையும் போட்டுக்கொண்டு வந்தாள். எண்ணெய் இளகட்டும் என்று காவிரிப் படித்துறையான அம்மா மண்டபம் வரை ஓட்டிவிட்டு வந்தாள். பக்கத்தில் வீடு கட்டிக்கொண்டிருந்தவர்களிடம் கேட்டு வாங்கிய தடித்த மரக்கட்டைகளைப் படி மாதிரி அடுக்கி, வாசல் தெருவிலேயே முன்சக்கரங்களை அவற்றின் மேல் ஏற்றினாள். பின்சக்கரங்களுக்கு முன்னும் பின்னும் செங்கல் வைத்தாள். வண்டியைத் தோளால் இடித்துப் பார்த்தாள். அசையவில்லை. சூடு கொஞ்சம் தணிந்ததும் காலணியைக் கழற்றிச் சுவரோரம் சாய்த்துவிட்டு, கோரைப் பாயில் மல்லாந்து படுத்து வண்டிக்கு அடியில் நகர்ந்து போய்விட்டாள். நடப்பதைவிட அது அவளுக்குச் சுலபமாக இருந்தது.

என் வேலை ஸ்பேனர் எடுத்துக்கொடுப்பது. கியர்பாக்ஸுக்கு அடியில் ஒரு தட்டு உண்டு, அதைச் சுற்றிலும் போல்ட். ஒரு பக்கத்துப் போல்ட்களை மட்டும் கழற்றி, மறுபக்கத்தைத் தளர்த்தினால் தட்டு மெல்லச் சாய்ந்து எண்ணெய் கீழே வைத்திருக்கும் அலுமினியச் சட்டியில் விழ வேண்டும். எங்கள் தட்டு மெல்லச் சாய்கிற ரகம் இல்லை. ஒரே சாய்ப்பில் சாய்ந்து, பாதியைச் சட்டிக்கும் மீதியை அம்மாவின் கழுத்துக்கும் கொடுத்தது. புதிதில் மாதுளைச் சாறு மாதிரி சிவப்பாக இருக்கும் என்று சொல்லியிருந்தாள். வந்தது கட்டியான டிகாக்‌ஷன் நிறம், கருகிய வாடையோடு. "பாத்தியா, பாத்தியா!" என்று அடியிலிருந்து அவள் கத்திய சத்தத்தில் அழுகை இல்லை, வெற்றி இருந்தது.

அந்த நேரம் பார்த்து ஆட்டோவில் பெரியப்பாவும் துறையூர்க்காரரும் வந்து இறங்கினார்கள். வண்டியை எடுத்துக்கொண்டு போக வந்தவர்கள் வேறு எதில் வருவார்கள்? பெரியப்பா சுவரோரம் தனியாக நின்ற காலணியைப் பார்த்துவிட்டுப் பதறிப்போனார்.

"ஐயையோ, உங்கம்மாவுக்கு என்னாச்சு?"

"வாங்க மாமா" என்றது வண்டிக்கு அடியிலிருந்து ஒரு குரல். "காபி சாப்பிடுறீங்களா? எனக்குக் கொஞ்சம் நேரமாகும்."

"என்னம்மா இது, தெருவுல? முதல்ல வெளிய வா. நாலு பேரு பாக்குறாங்க."

"பாக்கட்டும் மாமா."

துறையூர்க்காரர் குனிந்து எட்டிப் பார்த்தார். "கியர்பாக்ஸைப் பிரிச்சுட்டீங்களா? பேச்சு அப்படி இல்லீங்களே."

"பேச்சு என்கூட நடக்கலீங்க" என்றாள் அம்மா.

பெரியப்பா என் பக்கம் திரும்பி, உள்ளே போய் ஆர்சி புக்கை எடுத்துக்கொண்டு வரச் சொன்னார். என் கையில் ஸ்பேனர் இருந்தது. அந்தத் தைரியம்தான் போலிருக்கிறது, "அம்மாகிட்ட கேளுங்க பெரியப்பா" என்றேன். சுவர் பேசியதைப் போல அவர் என்னைப் பார்த்தார். பிறகு மஸ்கட்டுக்குப் போன் போட்டு, நிலைமையைச் சொல்லி, ஸ்பீக்கரைத் தட்டிவிட்டுப் போனை டயர் அருகே நீட்டினார்.

"என்ன பண்ணிக்கிட்டிருக்க?" என்றார் அப்பா.

"ஃபில்டர் மாட்டிக்கிட்டிருக்கேன்."

"ஆங்?"

"கை வேலையா இருக்கேன். அப்புறம் பேசுறேன்."

தட்டுக்குள் ஒரு காந்தம் ஒட்டியிருந்தது. அதன் மேல் சாம்பல் நிறத்தில் பூனை ரோமம் போல இரும்புப் பொடி. அம்மா அதை விரலால் வழித்து, நசுக்கிப் பார்த்து, அடியிலிருந்தே கையை வெளியே நீட்டினாள். "பாருங்க மாமா. பொடிதான், துண்டு இல்ல. உள்ள எதுவும் உடையல." பெரியப்பா பார்க்கவில்லை. துறையூர்க்காரர் பார்த்தார்.

தட்டைத் துடைத்து, புது ஃபில்டர், எண்ணெய் கசியாமலிருக்கப் புது கேஸ்கெட் வைத்து, போல்ட்களை எதிரும் புதிருமாகக் கொஞ்சம் கொஞ்சமாக முறுக்கினாள். வெளியே வந்து காலணியை மாட்டிக்கொண்டு வண்டியைச் சமதரைக்கு இறக்கினாள். எவ்வளவு வடிந்ததோ அவ்வளவு புது எண்ணெயை, மட்டம் பார்க்கும் அளவுக்கம்பி இருக்கும் துளை வழியாகப் புனல் வைத்து ஊற்றினாள். இன்ஜினைப் போட்டு, பிரேக்கை மிதித்தபடி கியரை ஒவ்வொரு இடத்திலும் சற்று நிறுத்தி நகர்த்தினாள். அளவுக்கம்பியைத் துடைத்து மறுபடி விட்டு எடுத்தாள். நுனியில் சிவப்பு. வண்டிக்கு அடியில் நான் விரித்த செய்தித்தாளில் ஒரு சொட்டு இல்லை.

"ஏறுங்க மாமா. உங்களை வீட்ல விட்டுடறேன்."

பெரியப்பா அதுவரை அம்மா ஓட்டி உட்கார்ந்ததே இல்லை. ஆட்டோ போய்விட்டிருந்ததால் ஏறினார். துறையூர்க்காரர் சத்திரம் பேருந்து நிலையம் வரை வருகிறேன் என்று அவர் பக்கத்தில் உட்கார்ந்தார். கழுத்தில் காய்ந்த எண்ணெயோடு அம்மா ஓட்டினாள். பாலம் ஏறும்போது நான்கு பேரும் மூச்சை அடக்கிக்கொண்டிருந்தோம். லேசாக ஒரு இழுப்பு. அம்மாவின் விரல்கள் ஸ்டியரிங்கை இறுக்கின. அதற்குப் பிறகு ஒன்றும் இல்லை. கியர் மாறியது தெரியாமலே மாறிற்று. கீழே காவிரியில் மணல் தெரிந்தது.

துறையூர்க்காரர் முன்னால் சாய்ந்து, "முன்ன பேசினதுக்கு மேலயே போட்டுத் தந்துடறேங்க" என்றார்.

பெரியப்பாவுக்கு உயிர் வந்துவிட்டது. "நான் அப்பவே சொன்னேன்ல, நல்ல வண்டின்னு!"

"வண்டி விக்கிறதுக்கு இல்லீங்க" என்றாள் அம்மா.

"அவருக்கு வார்த்தை குடுத்துட்டேனேம்மா."

"அப்ப உங்க வண்டியைக் குடுங்க மாமா."

 சத்திரத்தில் இறங்கிய துறையூர்க்காரர், ஜன்னல் பக்கம் வந்து, "அது என்ன எண்ணெய்ங்க?" என்று மட்டும் கேட்டுத் தெரிந்துகொண்டு போனார். தில்லைநகரில் பெரியப்பா இறங்கி, கதவைச் சாத்திவிட்டு, ஏதோ சொல்ல வந்து, "பாத்துப் போம்மா" என்று முடித்துக்கொண்டார்.

இனி வீட்டுக்குத்தான் என்று நினைத்தேன். எனக்கு அகோரப் பசி. அம்மா மேற்கே கரூர் ரோட்டில் திருப்பினாள். ஒரு பக்கம் தண்டவாளம், மறுபக்கம் வாழைத்தோப்பு. ஜீயபுரம் வந்தது. முக்கொம்புக்குப் போகிறோம் போலிருக்கிறது, பூங்காவில் ஊஞ்சல் ஆடலாம் என்று சமாதானம் அடைந்தேன். முக்கொம்புத் திருப்பமும் தாண்டிப்போயிற்று. எங்கேம்மா போகிறோம் என்று கேட்டேன். "தெரியல" என்றாள். மறுபடி கேட்டேன். மறுபடியும் அதே பதில். பெட்டவாய்த்தலை அருகே ஒரு டீக்கடை ஓரமாக நிறுத்தி எனக்கு பன் வாங்கிக் கொடுத்தாள். அவள் இறங்காமலே, கறுத்த விரல்களால் டீ கிளாஸைப் பிடித்துக் குடித்தாள். குடித்துவிட்டு இன்னும் கொஞ்ச தூரம் போனாள்.

சாயங்காலம் அப்பா கூப்பிட்டபோது நான்தான் எடுத்தேன். எனக்குக் கோபம் தீரவில்லை. "அம்மாவுக்கு வழி தெரியலப்பா. எங்க போறோம்னே தெரியாம எங்கெங்கயோ போயிட்டாங்க" என்று புகார் சொன்னேன். அப்பா, "சிரிச்சாளா?" என்று கேட்டார்.

ஆமாம், வழியெல்லாம் சிரித்துக்கொண்டுதான் வந்தாள் என்றேன். வழி தவறியவள் எதற்காகச் சிரிக்க வேண்டும், அதை அப்பா எதற்காகக் கேட்க வேண்டும் என்று எனக்கு அன்றைக்கு விளங்கவில்லை.