செத்த செட் இன்று காலை பேசியது

போன மாதம் என் பழைய வால்வு டிரான்ஸ்மிட்டரை சர்வீஸ் செய்ய மாத்தளை டவுனில் ஒரு ரிப்பேர் கடைக்குக் கொண்டுபோனேன். இரண்டு நாள் வைத்திருந்துவிட்டுக் கடைக்கார அண்ணன் சொன்னார்:

"டிரான்ஸ்ஃபோமர் எரிஞ்சிருச்சு தங்கச்சி. இது செத்த சாமான். வீட்டுக்குத் தூக்கிட்டுப் போய் என்ன செய்யப் போறீங்க? இங்கயே போட்டுட்டுப் போங்க."

ஏனோ தூக்கிக்கொண்டு வந்துவிட்டேன்.

நேற்றுத்தான் வோல்ட் மீற்றர் வைத்துப் பார்த்தேன். டிரான்ஸ்ஃபோமரில் முழு வோல்ட் இருந்தது. வால்வின் தலைக்குத்தான் போய்ச் சேரவில்லை. நடுவிலிருந்த வயரின் உறையை நகர்த்தினேன்.

உள்ளே கம்பி கட்டரால் வெட்டப்பட்டிருந்தது. தானாக அறுந்த கம்பிக்கு அந்த நேர்த்தி வராது.

பாவிக்கத் தெரியாமல் நானே கெடுத்துவிட்டேன் என்று ஒரு மாதமாக நொந்துகொண்டிருந்தவள் நான்.

சோல்டர் வைத்தேன்.

இன்று காலை நாற்பது மீற்றர் அலைவரிசையில் அழைத்தேன். முதலில் பதில் சொன்னது அந்தக் கடைக்கார அண்ணனின் குரல். அவரும் என்னைப் போல அமெச்சூர் ரேடியோக்காரர்தான். என்னை அவருக்கு அடையாளம் தெரியவில்லை.

"ஃபைவ் நைன்! முழு சிக்னல், கண்ணாடி மாதிரிக் கேக்குது. என்ன செட் பாவிக்கிறீங்க?"

"நீங்க செத்துப்போச்சுன்னு சொன்ன அதே செட்தாங்க அண்ணே. டிரான்ஸ்ஃபோமர் நல்லா இருக்கு. வயரைத்தான் கடையில வெட்டியிருந்தாங்க."



அதே அலைவரிசையைக் கேட்டுக்கொண்டிருந்த உக்குவளை முஸ்லிம் நானா ஒருவர் இடையில் வந்தார்: "எந்தக் கடை தங்கச்சி?"

"அந்த அண்ணனே சொல்லுவாருங்க நானா. ஓவர்."

மத்தியானம் வரை காத்திருந்தேன். அவரிடமிருந்து சத்தமே இல்லை.

பாவம், அவர் செட்டில் ஏதோ கோளாறு போல. நல்ல ரிப்பேர் கடை தெரிந்தவர்கள் கீழே எழுதுங்கள்.