ஜோசையா டிக்னரின் கல்லறைப் புல்

முப்பத்தொரு வருஷம் பள்ளிக்கூடப் பேருந்து ஓட்டியதில் இமொஜின் டிக்னருக்கு இரண்டு முட்டியும் போய்விட்டன. அந்த முட்டிகளை வைத்துக்கொண்டுதான் பத்தொன்பது வருஷமாக, செவ்வாய் தவறாமல், வர்ஜீனியாவின் கடலோர மூலையில் இருக்கும் நீதிமன்றத்து ஆவண அறைக்குப் போய்வந்துகொண்டிருந்தாள். பழைய பத்திரங்களைப் படிப்பதில் என்ன சுகம் கண்டாளோ என்று ஊரில் கேட்பார்கள். ஒரு சுகமும் கிடையாது. பூசணம் மூக்கில் ஏறும், கண் எரியும், வீட்டுக்கு வந்தால் இடுப்பு நிமிராது.

எல்லாம் அண்ணன் ஹார்லனுக்காக. நண்டுப் பொறியும் சிப்பிப் படகுமாக உடம்பைத் தேய்த்த மனுஷன், இப்போது ஆக்ஸிஜன் குழாயை மூக்கில் மாட்டிக்கொண்டு சன்னலோரம் உட்கார்ந்திருந்தார். இந்தக் கோடையைத் தாண்டமாட்டார் என்று டாக்டர் சொல்லிவிட்டார். அவருக்கு ஒரே ஓர் ஆசை மிச்சமிருந்தது. ஜோசையா டிக்னர் பக்கத்தில் தன்னைப் புதைக்க வேண்டும்.

ஜோசையா, 1694-இல் ஓடை முகத்தில் முந்நூறு ஏக்கர் பட்டா வாங்கிய புகையிலைப் பண்ணைக்காரர். நிலமெல்லாம் எப்போதோ கை மாறிப் போயிற்று. அவருடைய கல்லறை மட்டும், கோடைக்கு வந்து போகும் ஒரு வாஷிங்டன் வக்கீலின் தோட்டத்தில் கிடக்கிறது. ஹார்லனின் தாத்தா அந்தக் கல்லறையைச் சுற்றிப் புல் வெட்டினார், அப்பா வெட்டினார், பதினைந்து வயதிலிருந்து ஹார்லன் வெட்டினார். நம் பாட்டன் கிடக்கிற இடம், நாம் பார்க்காமல் யார் பார்ப்பது என்பார். அவர் படுத்த பிறகு இரண்டு வருஷமாக, சனிக்கிழமைதோறும் இமொஜின் வெட்டினாள்.

வக்கீலும் கெட்டவர் இல்லை. ஜோசையா உங்கள் முன்னோர் என்று காட்டும் காகிதத்தைக் கொண்டுவாருங்கள், கையெழுத்துப் போட்டுத் தருகிறேன் என்றிருந்தார். ஜோசையாவின் உயிலில் வில்லியம் என்று ஒரு மகன் உண்டு. இமொஜினின் வம்சம் 1731-இல் ஐம்பது ஏக்கர் வாங்கிய வில்லியம் டிக்னரில் தொடங்குகிறது. அவன் மனைவி பெயர் ஆன். இரண்டு வில்லியமும் ஒரே ஆள்தான் என்று குடும்பமே நம்பியிருந்தது. அதற்கு ஒரு சான்று கிடைத்தால் போதும்.

அந்தச் செவ்வாய்க்கிழமை, 1736-ஆம் வருஷத்து விற்பனைப் பத்திரம் ஒன்றை எடுத்தாள். ஜோசையா மகன் வில்லியம், கரோலினாவிலிருந்து வந்து, தகப்பன் நிலத்தில் மிச்சமிருந்ததை விற்றது. பழைய பத்திரங்களைச் சுருக்கி அச்சடித்த புத்தகத்தில் அதைப் பத்து தடவையாவது படித்திருப்பாள். மூலத்தைக் கடைசி வரி வரை படித்ததில்லை. அங்கேதான் கோட்டை விட்டிருந்தாள். அந்தக் காலத்தில் புருஷன் நிலத்தை விற்றால், பெண்டாட்டியைத் தனியாக அழைத்துப்போய், உனக்குச் சம்மதமா, அவன் மிரட்டினானா என்று நீதிபதிகள் கேட்பார்கள். அவள் தன் பங்கை விட்டுக்கொடுத்ததைப் பத்திரத்தின் அடியில் எழுதுவார்கள். சுருக்கம் எழுதுகிறவன் பெண்டாட்டி பேச்சு எதற்கு என்று அதை விட்டுவிடுவான். அடியில் எழுதியிருந்த பெயர் ஆன் இல்லை, மார்ஜரி.

இமொஜின் முன்பே குறித்துவைத்திருந்தபடி, அதே 1736-இல் ஆன் இந்த ஊரில் உயிரோடு, தன் வில்லியமோடு குடித்தனம் செய்துகொண்டிருந்தாள். ஆக வில்லியம் இரண்டு பேர்.

அப்படியானால் நம்மவன் யார்? இமொஜின் நீதிமன்ற உத்தரவுப் புத்தகங்களை இறக்கினாள். மத்தியானத்துக்கு மேல் கிடைத்தான். 1709: ஜோசையா டிக்னரின் வேலைக்காரப் பையன் வில்லியம், ஒப்பந்தச் சீட்டு இல்லாமல் கப்பலில் வந்தவன், நீதிபதிகள் பார்த்துப் பத்து வயது என்று தீர்மானித்தார்கள், இருபத்துநாலு வரை ஊழியம். 1723: எஜமான் பெயரால் டிக்னர் என்று அழைக்கப்படும் வில்லியம், ஊழியம் முடித்தவன், சட்டப்படி வரவேண்டிய சோளமும் துணியும் துப்பாக்கியும் எஜமான் தரவில்லை என்று முறையிடுகிறான். எட்டு வருஷம் கழித்து, ஐம்பது ஏக்கர் பத்திரத்தைப் பதிய மனைவி ஆனோடு வந்தவனை, ஜோசையாவிடம் ஊழியம் செய்த வில்லியம் என்றே உத்தரவுப் புத்தகம் குறித்திருந்தது.

புத்தகத்தை மூட மனம் வராமல் அப்படியே உட்கார்ந்திருந்தாள். ஆவண அறையைப் பார்த்துக்கொள்ளும் டெனிஸ் வந்து, உடம்புக்கு என்ன என்று கேட்டாள். இமொஜின் எல்லாவற்றையும் சொன்னாள். மார்ஜரி பெயர் இல்லாத அச்சுச் சுருக்கத்தை மட்டும் வக்கீலிடம் நீட்டினால் அவர் நம்பிவிடுவார், இந்தப் புத்தகத்தை யார் பிரிக்கப்போகிறார்கள் என்பதையும் சொன்னாள்.

டெனிஸ் நாற்காலியை இழுத்துப் போட்டு எதிரே உட்கார்ந்தாள். அவள் முன்னோரும் ஜோசையாவின் பண்ணையில் அடிமைகளாக இருந்தவர்கள்தான்.

"எங்காளுங்க அந்த உயில்ல இருக்காங்க மிஸ் இமொஜின், மெத்தைக்கும் செம்புப் பானைக்கும் நடுவுல," என்றாள். "உங்காளுக்குக் கோர்ட்டுல நின்னு கேக்கவாவது வழி இருந்துது. அதையும் மறைச்சிருவீங்களா?"

இமொஜின் அந்தப் பக்கங்களை நகல் எடுத்துக்கொண்டு கிளம்பினாள். வழியெல்லாம் அலுப்பாக இருந்தது. பத்தொன்பது வருஷம் தேடி, சாகக் கிடக்கிறவன் ஆசையில் மண்ணைப் போடத்தானா என்று தன்னையே திட்டிக்கொண்டாள்.

வீட்டில் ஹார்லன் பன்றிக்கறி வைத்த ரொட்டியைத் தொடாமல் வைத்திருந்தார். அவள் முகத்தைப் பார்த்ததுமே, "கிடைக்கலையா?" என்றார்.

"கிடைச்சுட்டான் ஹார்லன். ஆனா மகன் இல்ல." நகலைக் கையில் கொடுத்துவிட்டு, நடந்ததை நடந்தபடி சொன்னாள். ஹார்லன் நகலைக் கண்ணுக்குப் பக்கத்தில் பிடித்து ஒவ்வொரு வரியாகப் படித்தார்.

"சோளம் கிடைச்சுதா அவனுக்கு?" என்று கேட்டார் ஹார்லன்.

"கோர்ட்டுக்கு மூணு தடவை நடந்திருக்கான். மொத தடவை ஜோசையா வரவே இல்ல. ரெண்டாவது தடவை உடம்பு சரியில்லன்னு ஆள் அனுப்பிட்டார். மூணாவது தடவை கோர்ட்டு மிரட்டுனப்புறம் சோளமும் துணியும் கொடுத்திருக்கார். துப்பாக்கி கொடுத்ததா எங்கயும் எழுதல."

ஹார்லன் சிரித்தார். சிரிப்பு இருமலாகி, இருமல் அடங்க வெகுநேரம் ஆயிற்று. இமொஜின் முதுகைத் தடவிக்கொண்டே நின்றாள்.

"பத்து வயசுல வந்து, பதினாலு வருஷத்துல வேலைய முடிச்சுட்டு வெளிய வந்துட்டான்," என்றார். "அவன் பேரப்புள்ளைங்க நாம இன்னும் அந்தாளுக்குப் புல்லு வெட்டிட்டிருக்கோம். செத்தும் அந்தாள் காலடியில போய்க் கிடக்கணுமா? என்னை அம்மா பக்கத்துல போடு இமொஜின்."

அவளுக்கு அழுகை வந்தது. எதற்கென்று அவளுக்கே சரியாகத் தெரியவில்லை. அண்ணனுக்காகவும் இருக்கலாம், மூன்று தடவை நடந்தவனுக்காகவும் இருக்கலாம்.

"சனிக்கிழமை புல்லு வெட்டுற மிஷினை எடுக்காத," என்றார் ஹார்லன். "உன் முட்டிக்கும் விடுதலை கொடு."

அந்தச் சனிக்கிழமை இமொஜின் ஒன்பது மணி வரை தூங்கினாள்.