அலசிய புல்லும் அட்ரோபின் ஊசியும்

கால்நடை மருத்துவத்தில் நோயாளி வாயே திறக்காது, கூட வந்தவர் வாயை மூடமாட்டார். இதே தொழிலில் மாட்டிக்கொண்டிருக்கும் உங்களுக்கு நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை.

வரப்புப் புல்

பூதலூர்ப் பக்கம் செல்வி என்பவரின் பசு. சினை, வீட்டில் இருப்பதே அந்த ஒரு மாடுதான். வாயில் எச்சில் நூலாக ஒழுகுகிறது, சாணி தண்ணீராகப் பீச்சுகிறது, மூச்சில் கரகரப்பு. கோமாரி என்று அவர்களே முடிவு கட்டி வாயில் மஞ்சள் தடவியிருந்தார்கள். புல் எங்கே அறுத்தது என்று கேட்டேன். பக்கத்து வயல் வரப்பிலாம். அந்த வயலுக்கு முதல்நாள்தான் பூச்சிமருந்து அடித்திருக்கிறார்கள். கோபத்தில் கத்திவிட்டேன். செல்வி அழுதார்: "வாய்க்கால்ல நல்லா அலசிட்டுத்தானே டாக்டரம்மா போட்டேன்!"

மடை

அலசினாலும் முழுதாகப் போகாத விஷம் அது. ஊசியில் முறிவு மருந்தான அட்ரோபினை ஏற்றிக்கொண்டே விளக்கினேன். குடல் தசை மாடு நினைத்து அசைப்பதல்ல. நரம்பு நுனி அசிட்டைல்கோலின் என்ற ரசாயனத்தை விடும், தசை சுருங்கும். உடனே ஒரு நொதி அந்த ரசாயனத்தை அழிக்கும், தசை தளரும். பூச்சிமருந்து அந்த நொதியை முடக்கிவிடுகிறது. மடையைத் திறந்தாயிற்று, மூடுகிறவரைக் கட்டிப்போட்டாயிற்று. குடலும் மூச்சுக்குழாயும் விடாமல் சுருங்கினால் மாடு திணறிச் சாகும். அட்ரோபின் தசையின் வாசலை அடைத்துக்கொண்டு ரசாயனத்தை அண்டவிடாது. செல்வியின் கணவர் ராஜேந்திரனுக்குப் பொறுக்கவில்லை: "மூடுறவரை அவுத்துவிடுற ஊசி இருந்தா அதப் போடுங்களேன்!"

இரண்டாவது ஊசி

அவர் கேட்டது நியாயம்தான். அப்படியும் மருந்து உண்டு, என் பையில்தான் இல்லை. அட்ரோபினிலேயே எச்சில் நின்றது, மூச்சு தெளிந்தது. எனக்கும் உயிர் வந்தது.

சாயங்காலம் மறுபடி கரகரப்பு. ஊசியின் வேகம் தீர்ந்துவிட்டது, விஷம் தீரவில்லை. அடுத்த ஊசியை எடுத்ததும் ராஜேந்திரன் குறுக்கே நின்றார். சாணியே நின்னுபோச்சு, வயிறு உப்பிக் கிடக்கு என்றார். பொய்யில்லை, அட்ரோபின் அதிகமானால் வயிற்றின் அசைவே நின்றுவிடும். எனக்கும் பயம்தான். அளவைக் குறைத்துப் போடுகிறேன், போடாவிட்டால் மூச்சு நின்றுவிடும் என்றேன். செல்வி மாட்டின் கயிற்றை இறுக்கிப் பிடித்தார்: "வயிறு நாளைக்கு அசையட்டும், மூச்சு இன்னைக்கு வேணும். நீங்க போடுங்க டாக்டரம்மா!"

காலை போன்

விடிந்ததும் ராஜேந்திரன் கூப்பிட்டார். பெயரைப் பார்த்ததும் எடுக்கவே கை வரவில்லை. எடுத்தேன். அந்தப் பக்கம் ஒரே கூச்சல்: "சாணி போட்ருச்சு டாக்டரம்மா! கையில அள்ளிப் பாத்துட்டேன், கெட்டியா இருக்கு!"

காலைக் காபியோடு சாணியின் பதத்தைக் கேட்டுக் கண் கலங்குவது நம் தொழிலில் மட்டும்தான் நடக்கும்.