கொழும்புக்குப் போகாத ஆர்மோனியம்

ராஜபாளையத்தில் ஆர்மோனியம் செய்து விற்ற அந்தப் பாயை ஒரே ஒரு முறைதான் சந்தித்தேன். கொழும்புக் கலவரம் நடந்த மறு வருடம், சேத்தூர் பஜனை மடத்துக்காக ஆர்மோனியம் வாங்கப் போயிருந்தேன். மருதாணிச் சிவப்பேறிய தாடி, ஒட்டிய கன்னம். பேச்சுக்கு நடுவே அடிக்கடி வாசலைப் பார்த்துக்கொண்டார்.

மூலையில், பலகைப் பெட்டிக்குள் புத்தம்புது ஆர்மோனியம் ஒன்று இருந்தது. விலை கேட்டேன்.

"அது கொழும்புல ஒரு பாட்டு வாத்தியாரு சொல்லிச் செஞ்சது சார். தூத்துக்குடில பெட்டி கப்பலுக்குக் காத்துக் கெடக்கும்போது கலவரம் வந்துட்டு. அவிய தெருவே எரிஞ்சுபோச்சாம். பெட்டி திரும்பி வந்துட்டு."

"வாத்தியாரு?"

"ஒரு தகவலும் இல்ல. எம்புட்டோ பேர்ட்ட விசாரிச்சுட்டேன்."

"ஒரு வருசமாச்சே பாய். இத எனக்குக் குடுங்க. அவரு வந்தா வேற செஞ்சு குடுக்கலாம்லா?"

அவர் குரல் இறங்கியது. "செய்யலாம். ஆனா இத வித்துட்டா, அவரு செத்துட்டாருன்னு நானே முடிவு பண்ணுன மாதிரில்லா ஆயிரும்?"

வேறொரு பழைய ஆர்மோனியத்தை வாங்கிக்கொண்டு பஸ் ஏறினேன். அந்த வாத்தியார் இனி வரமாட்டார் என்பது பாய்க்குத் தெரிந்தேதான் இருந்ததோ, என்னவோ. இன்றுவரை எனக்கு விளங்கவில்லை.